படம் முடிந்தபின்: உள்ளூர்த் தற்சார்பு இயக்கத்தில் திரையிடலும் ஊர்கூடலும்

2004ஆம் ஆண்டு, அயர்லாந்தின் தென்கரையிலுள்ள கின்சேல் என்னும் சிறு துறைமுக ஊரில், பெர்மாகல்ச்சர் என்னும் நிலைவேளாண்மை வடிவமைப்பைக் கற்பித்துவந்த ராப் ஹாப்கின்ஸ் தம் மாணவர்களுக்கு ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டார். 'தி எண்ட் ஆஃப் சபர்பியா' என்பது அதன் பெயர். வட அமெரிக்காவின் புறநகர் வாழ்க்கை முழுவதும் மலிவான எண்ணெயின்மீது எழுப்பப்பட்டது, அந்த எண்ணெய் அருகும் நாளில் அவ்வாழ்க்கை நிலைகொள்ளாது என்பதே அப்படத்தின் வாதம். அதே நாட்களில், எண்ணெய் நிறுவனங்களில் நெடுங்காலம் பணியாற்றிய நிலவியலாளர் காலின் கேம்பெல் நேரில் வந்து அம்மாணவர்களிடையே உரையாற்றினார். கேட்டவர்கள் கலங்கினர். கலக்கம் அடங்கியபின் வகுப்பு ஒரு வேலையை மேற்கொண்டது. எண்ணெய்ப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு தங்கள் ஊர் வாழ்வது எவ்வாறு என, உணவு, எரிசக்தி, போக்குவரத்து, கல்வி, மருத்துவம் ஆகிய துறைவாரியாக ஆண்டுக் கணக்கில் ஒரு திட்டம் எழுதியது. 'கின்சேல் 2021' என்ற தலைப்பில் 2005இல் அது வெளிவந்தது.

'டிரான்சிஷன் டவுன்' என இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அறியப்படும் இயக்கத்தின் தொடக்கம் இதுவே. தமிழில் 'மாறுநிலை ஊர்கள்' எனலாம். திரையிடல்களும் ஊர்கூடல்களும் இவ்வியக்கத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதை விளக்குவதும், அக்கூடல்களில் ஈழத்தமிழரின் அனுபவம் ஏன் இடம்பெறவேண்டும் எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம். பிரித்தானியாவிலுள்ள இரண்டு இடங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன: டெவன் மாவட்டத்தின் டொட்னஸ், தென்இலண்டனின் டூட்டிங்.

டொட்னஸில் நிகழ்ந்தது

டொட்னஸ் டார்ட் ஆற்றங்கரையில் அமைந்த ஏறத்தாழ 8,000 பேர் வாழும் சந்தையூர். 2005இல் அங்குக் குடியேறிய ஹாப்கின்ஸ், உள்ளூர் நண்பர்களுடன் சேர்ந்து முதலில் செய்தவை திரையிடல்களும் பொது உரைகளுமே. ஏறத்தாழ ஓராண்டு அவ்வாறு சென்றபின், 2006 செப்டம்பரில் ஊர்மன்றத்தில் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டி இயக்கத்தை முறைப்படி தொடங்கினர். 2008இல் வெளிவந்த ஹாப்கின்ஸின் 'தி டிரான்சிஷன் ஹேண்ட்புக்' இந்த வரிசையைப் பன்னிரண்டு படிகளாக வகுத்தது. தொடக்கக் குழு தன் கலைப்பையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு அமைதல் முதற்படி; விழிப்புணர்வூட்டல் இரண்டாம் படி; உள்ளூராட்சியோடு பாலம் அமைத்தல், மூத்தோரை மதித்துக் கேட்டல் முதலியவை பின்னர் வருகின்றன. திரையிடலுக்குரிய இடம் இரண்டாம் படி. பலர் அதையே இயக்கத்தின் முழுமையாகக் கருதி அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

இயக்கத்தின் கூடல்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை எளிது. படம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் தம் பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லுகின்றனர். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு நேரே வினாவிடைக்குச் செல்வதில்லை. இருவர் இருவராக, ஒருவர் சில நிமிடம் பேச மற்றவர் குறுக்கிடாது கேட்க, பின் மாறிக்கொள்கின்றனர். அதன்பிறகே பொது உரையாடல். இறுதியில், உணவு, எரிசக்தி, வீடு எனத் தனித்தனித் தாள்களில் விருப்பமுள்ளோர் பெயர் எழுதிச் செல்கின்றனர். அத்தாள்களே பின்னர்ப் பணிக்குழுக்களாகின்றன. இதற்குத் தேநீரும் வட்டமாகப் போடப்பட்ட நாற்காலிகளும் போதும். எனினும் நாற்காலிகளை வட்டமாகப் போடுவதற்கும் வரிசையாகப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வரிசையில் அமர்ந்தவர் மேடையை நோக்குகிறார். வட்டத்தில் அமர்ந்தவருக்கு அண்டைவீட்டார் முகம் தெரிகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு உளவியல் காரணம் உண்டு. பேரழிவைக் காட்டும் படம் பார்ப்பவரை இரண்டில் ஒரு நிலைக்குத் தள்ளுகிறது: அச்சத்தில் உறைந்துபோதல், அல்லது 'இதெல்லாம் மிகை' எனத் தட்டிக்கழித்தல். அதே கலக்கத்தை அடைந்த இன்னொருவர் அருகில் இருந்து அதைச் சொல்லவும் கேட்கவும் கூடுமானால், அது செயலாக மாற வாய்ப்பு உண்டு. டொட்னஸில் பின்னர்த் தொடங்கிய 'டிரான்சிஷன் ஸ்ட்ரீட்ஸ்' இதைத் தெரு அளவுக்குக் கொண்டுசென்றது. ஒரே தெருவில் வாழும் சில குடும்பங்கள் ஒருவர் வீட்டில் மாறி மாறிக் கூடி, மின்சாரம், நீர், உணவு, போக்குவரத்து எனத் தலைப்புவாரியாகத் தம் வீட்டுச் செலவைத் தாமே ஆராய்ந்து குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இயக்கத்தின் எல்லா முயற்சிகளும் நிலைக்கவில்லை. 2007இல் வெளியிடப்பட்ட டொட்னஸ் பவுண்டு என்னும் உள்ளூர்ப் பணத்தாள், பலரும் அட்டையாலும் கைப்பேசியாலும் பணம் செலுத்தத் தொடங்கிய காலத்தில் 2019இல் நிறுத்தப்பட்டது. எண்ணெய் உற்பத்தி உச்சம் கண்டு விரைவில் சரியும் என்ற தொடக்ககால எச்சரிக்கையும், அமெரிக்கப் பாறைப்படிவ எண்ணெய் பெருகியதால், சொன்ன காலத்தில் சொன்ன வடிவில் நிகழவில்லை. காலநிலை மாற்றம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆவணப்படங்களை நம்பி இயங்கும் எவரும் மறக்கக்கூடாத செய்தி இது. படம் தரும் முன்னறிவிப்புக்கு வயதாகிவிடும். அதைப் பார்க்கக் கூடியவர்களிடையே ஏற்பட்ட உறவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

படங்களைப் பற்றி

இக்கூடல்களில் மிகுதியாகக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று 2006இல் அமெரிக்காவில் தயாரான 'தி பவர் ஆஃப் கம்யூனிட்டி'. சோவியத் ஒன்றியம் குலைந்தபின் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. உரமும் பூச்சிக்கொல்லியும் அருகின. அந்நாட்டு அரசு 'சிறப்புக் காலம்' எனப் பெயரிட்ட அந்த ஆண்டுகளில் ஹவானா நகரின் வெற்று மனைகள் காய்கறித் தோட்டங்களாயின. உழவுக்கு எருதுகள் மீண்டன. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் இறக்கப்பட்டன. 53 நிமிடமே ஓடும் அப்படம் இதனை நம்பிக்கையூட்டும் கதையாகச் சொல்லுகிறது.

அப்படம் அழுத்திச் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. 1992, 93ஆம் ஆண்டுகளில் சத்துக் குறைபாட்டோடு தொடர்புடைய பார்வை நரம்பு நோயும் பிற நரம்பு நோயும் 50,000க்கும் மேற்பட்ட கியூபர்களைத் தாக்கின. நகரத் தோட்டங்கள் காய்கறி தந்தனவேயன்றி, தானியத்துக்கும் பிற அடிப்படை உணவுகளுக்கும் அந்நாடு தொடர்ந்து இறக்குமதியையே பெரிதும் நம்பியிருந்தது. ஆகவே இப்படத்தைக் காட்டிவிட்டு உரையாடல் நடத்தாமல் அனுப்புவது, பட்டினியை ஓர் அழகிய தோட்டக்கலைப் பாடமாக மாற்றிவிடும். அத்தகைய வாழ்க்கையை உண்மையில் வாழ்ந்தவர் ஒருவர் அந்த வட்டத்தில் இருந்தால் நிலைமை வேறாகும். இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு நாம் திரும்பும் இடம் அதுவே.

2009இல் வெளியான பிரித்தானியப் படம் 'தி ஏஜ் ஆஃப் ஸ்டூப்பிட்' வேறொரு வகையில் முக்கியமானது. பலரிடம் சிறுதொகைகளாகத் திரட்டிய பணத்தில் அதை எடுத்த ஃப்ரானி ஆர்ம்ஸ்ட்ராங், திரையிடும் உரிமையையும் பரவலாக்கினார். எவரும் கூட்டத்தின் அளவுக்கேற்ற கட்டணம் செலுத்தி உரிமம் பெற்று, தம் ஊர்மன்றத்திலோ பள்ளியிலோ படத்தைக் காட்டி, வரும் இலாபத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். ஊர்க்குழுக்களுக்கு இது வாடகைப் பணம் தேடித்தந்த ஏற்பாடு. 2015இல் வந்த பிரெஞ்சுப் படமான 'தெமேன்' அச்சுறுத்தலை ஓரங்கட்டிவிட்டு, ஆங்காங்கே நடைபெறும் தீர்வுகளை மட்டும் தேடிச் சென்றது. பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். 2016இல் சிறந்த ஆவணப்படத்துக்கான செசார் விருதும் கிடைத்தது.

சொல் வந்த வழி

டொட்னஸுக்கு அருகிலுள்ள டார்ட்டிங்டன் பண்ணை, சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன் என்னும் ஊரகப் புனரமைப்பு நிலையத்தைத் தாகூருடன் சேர்ந்து தொடங்கிய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தம் மனைவி டோரதியுடன் 1925இல் விலைக்கு வாங்கியது. வினோபாவின் பூதான இயக்கத்திலிருந்து வந்த சதீஷ்குமாரின் முயற்சியால் 1991இல் அங்கே ஷூமாக்கர் கல்லூரி தொடங்கியது. மாறுநிலை இயக்கம் டொட்னஸில் வேர்கொள்ள இச்சூழல் துணைசெய்தது.

அக்கல்லூரிக்குப் பெயர் தந்த இ. எஃப். ஷூமாக்கர், பிரித்தானிய நிலக்கரி வாரியத்தின் பொருளியல் ஆலோசகராக இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். இயற்கை வளத்தைச் சேமிப்பெனக் கருதாமல் வருமானமெனச் செலவழிக்கும் பொருளியலை அவர் 1973இல் வெளிவந்த 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் கடிந்தார். அந்நூலில் அடங்கிய பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் அவர் மேற்கோள் காட்டும் சிந்தனையாளர்களுள் ஒருவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, இலண்டனில் கணக்காயம் பயின்று, காந்தியடிகளோடு அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டியில் இறுதிக்காலத்தைக் கழித்த தமிழர். அவர் சிறையிலிருந்தபோது எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', தீர்ந்துபோகும் வளங்களை நம்பிய பொருளியலையும் புதுப்பித்துக்கொள்ளும் வளங்களை நம்பிய பொருளியலையும் வேறுபடுத்திக் காட்டியது. எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றைப் பற்றி டொட்னஸ் மன்றத்தில் பேசப்பட்டதன் சாரம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே சொல்லாய்வு சார்ந்த ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் 'சஸ்டெய்னபிலிட்டி' எனப்படுவதற்குத் தமிழகத்தில் 'நீடித்த', 'நிலையான' என்னும் அடைகள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் வழக்கில் 'நிலைபேறு' என்னும் சொல் வேரூன்றிவிட்டது. 'நிலைபேறான அபிவிருத்தி' என்பதே அங்கு அரசு வழக்கும் ஆகும். குமரப்பா ஆங்கிலத்தில் தெரிந்தெடுத்த 'பெர்மனன்ஸ்' என்ற சொல்லுக்கு மிக நெருங்கியது அதுவே. 'ரெசிலியன்ஸ்' என்பதற்கு 'மீள்திறன்' என்பது பரவி வருகிறது. விழுந்தவர் மீண்டெழுவதை அச்சொல் நன்கு உணர்த்துகிறது. ஆனால் யார் தள்ளியதால் விழுந்தார் என்ற கேள்வியை அது கேட்பதில்லை. இந்தக் குறையை டூட்டிங்கில் வைத்து நோக்குதல் பொருந்தும்.

டூட்டிங்கும் யாழ்ப்பாணமும்

டூட்டிங், 1980களிலிருந்து, சிறப்பாக 1983க்குப் பிறகு, ஈழத்தமிழர் திரளாகக் குடியமர்ந்த பகுதி. அப்பர் டூட்டிங் சாலையில் தமிழ்க் கடைகளும் உணவகங்களும் கோயிலும் உள்ளன. அங்கே இயங்கும் மாறுநிலை ஊர்க்குழு, பல இனத்தவர் வாழும் நகரப்பகுதியில் இவ்வியக்கம் எவ்வாறு இயங்கக்கூடும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2010 சூலையில் குப்பைப் பொருட்களைக் கொண்டு செய்த உருவங்களுடன் ஊர்வலம் ஒன்றை அது கலைக்குழுக்களோடு சேர்ந்து நடத்தியது. நூற்றுக்கணக்கானோர் பங்கேற்ற அந்நாளில் டூட்டிங்கின் முதன்மைச் சாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. வீட்டுத் தோட்டங்களிலும், நகராட்சி வாடகைக்கு விடும் 'அலாட்மெண்ட்' எனப்படும் தோட்டத்துண்டுகளிலும் விளைந்தவற்றைக் கொணர்ந்து, பல நாட்டுச் சமையல் முறைகளில் ஆக்கிப் பகிரும் உணவு விழாவையும் அக்குழு நடத்திவந்துள்ளது.

இருப்பினும், பிரித்தானியாவில் இவ்வியக்கம் பெரிதும் வெள்ளையின, நடுத்தர வர்க்க, உயர்கல்வி பெற்றோரின் இயக்கமாகவே இருந்துவந்தது என்பது ஆய்வாளர் பலரும் கூறியது. இயக்கத்தாரும் அதை மறுக்கவில்லை. இதற்குக் காரணம் கூடல்முறையிலேயே ஓரளவு இருக்கிறது. இயக்கம் விரும்பிக் கையாளும் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்னும் கூட்டமுறையை 1980களில் வகுத்தவர் ஹாரிசன் ஓவன். முன்கூட்டிய நிகழ்ச்சிநிரல் இல்லாத அம்முறையின் விதிகளுள் ஒன்று, வந்தவர்களே வரவேண்டியவர்கள் என்பது. வந்தவரின் ஊக்கத்தைக் காக்க அது நல்ல விதி. வராதவரைப் பற்றிக் கவலைப்படாதிருக்கவும் அதுவே வழிவிடுகிறது. இரண்டு வேலை பார்ப்பவரும், ஆங்கிலத்தில் பொதுக்கூட்டத்தில் பேசக் கூசுபவரும், மாலை ஏழரை மணிக்கு ஒரு மன்றத்தில் படம் பார்க்க வாரார்.

வாராதவரிடம் இருப்பது என்ன? 1990 சூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள், மின்கலம், உரம், சீமெந்து உட்படப் பல பொருட்கள் செல்வது தடுக்கப்பட்டது. மின்சாரம் அற்றுப்போயிற்று. சரியாக அதே ஆண்டுகளில்தான் கியூபாவின் சிறப்புக் காலமும் தொடங்கியது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் இட்டுச் செய்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. பழைய மோட்டார் வண்டிகள் சில துளிப் பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, அதன் டைனமோவில் வானொலி கேட்டனர். நோயாளியும் விறகும் நெல்மூடையும் சைக்கிளிலேயே சென்றன. 'தி பவர் ஆஃப் கம்யூனிட்டி' டொட்னஸ் மக்களுக்கு வருங்காலமாகக் காட்டியதை, டூட்டிங்கின் கடைத்தெருவில் காய்கறி தெரிந்தெடுக்கும் முதியவர் பலர் கடந்தகாலமாக வாழ்ந்து முடித்திருக்கின்றனர்.

பன்னிரண்டு படிகளில் மூத்தோரை மதித்துக் கேட்டல் என ஒன்று உண்டு என முன்னர்க் கூறினோம். மலிவான எண்ணெய்க் காலத்துக்கு முன் வாழ்ந்தவர்களை நேர்கண்டு, குறைந்த எரிசக்தியில் வாழ்க்கை எவ்வாறு நடந்தது எனப் பதிவுசெய்யும் வேலை அது. ஹாப்கின்ஸ் குறிப்பது பெரும்பாலும் 1930 முதல் 1960 வரையிலான இங்கிலாந்து நினைவுகளை. அத்தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதே தெருக்களில் வாழும் ஈழத்தமிழர், அப்படியொரு வாழ்க்கையைத் தம் முப்பது நாற்பது வயதில், முழு நினைவோடு வாழ்ந்தவர்கள். டூட்டிங்கில் எந்த மொழியில் யாரைக் கேட்பது என்ற தெரிவு இதனால் மாறவேண்டும்.

இதைச் சொல்லும்போதே ஒரு தடையையும் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது பெர்மாகல்ச்சர் பயிற்சி அன்று. போரின் கருவியாக மக்கள்மீது சுமத்தப்பட்ட தடை. மருந்தில்லாமல் இறந்தவர்கள் உண்டு. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்கையில் கொல்லப்பட்டவர்கள் உண்டு. ஜாம் போத்தல் விளக்கை வியந்து பேசுவது அதைக் கொளுத்தியவரின் அச்சத்தை மறைக்குமானால், கியூபப் படத்தின் குறையை நாமும் செய்தவர்களாவோம். டொட்னஸ்காரர் தாமே தெரிவுசெய்து எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறார். யாழ்ப்பாணத்தார்க்குத் தெரிவு இருக்கவில்லை. இரண்டையும் 'மீள்திறன்' என்ற ஒரே சொல்லால் அழைக்கலாமா என்பது அவ்வட்டத்தில் அமர்ந்து பேசப்படவேண்டிய கேள்வி. படம் எடுப்பவர் முன்னரே தீர்த்துவைக்கக்கூடியது அன்று.

நடைமுறையில் இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. புலம்பெயர் தமிழர் கூடிப் பழகியவர்கள்: கோயில் திருவிழா, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் விழா, சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி. ஆனால் இவற்றில் பெரும்பாலும் நாற்காலிகள் மேடையை நோக்கியே இருக்கின்றன. படம் திரையிட்டால் படம் முடிந்ததும் கூட்டம் கலைகிறது. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கியூபப் படத்தைக் காட்டி, பேரப்பிள்ளைகள் பாட்டனாரிடம் கேள்வி கேட்க, விடையைத் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்வது ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. மண்ணெண்ணெய் வண்டியின் நுட்பம், அக்காலத்து வீட்டுத்தோட்டப் பயிர்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவேயில்லை என்பன வாய்மொழி வரலாறாகவும், தடைக்காலத்தில் பிறந்த சொற்களின் தொகுதியாகவும் தமிழியலுக்குப் பயன்படும். உள்ளூர் மாறுநிலைக் குழுவை அக்கூடலுக்கு விருந்தினராக அழைத்தால் மொழிபெயர்க்கும் பொறுப்பு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். 1990இல் நாற்பது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டனர்.